மீன்தொட்டிக்கு ஏசி பம்பா, டிசி பம்பா? உள்ளே திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்

முதலில் பெயர்க் குழப்பம். ஏசி பம்ப் என்றதும், அறையைக் குளிர வைக்கிற ஏசிக்கு மாட்டும் பம்ப் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு, என்னிடமே ஒருவர் அப்படிக் கேட்டிருக்கிறார். இங்கே ஏசி என்பது சுவர் பிளக்கில் வரும் மாறுதிசை மின்சாரம். டிசி என்பது அடாப்டர் வழியாகவோ பேட்டரியிலிருந்தோ வரும் நேர்திசை மின்சாரம். பிளக்கில் நேரடியாகச் செருகினால் ஓடுவது ஏசி பம்ப். நடுவில் ஒரு கறுப்பு அடாப்டரும், பெரும்பாலும் பட்டன் வைத்த சின்ன கன்ட்ரோலர் பெட்டியும் இருந்தால் டிசி பம்ப்.

எது நல்லது என்று யாரைக் கேட்டாலும் வருகிற பதில் ஒன்றுதான்: டிசி புதுசு, கரண்ட் மிச்சம், சத்தமே வராது, அதையே வாங்கு. இதில் பாதி சரி, மீதிப் பாதி நீங்கள் அதை எங்கே எப்படி மாட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டிசி பம்புக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசு பெரும்பாலும் வேகத்தை மாற்றும் வசதிக்குத்தான் போகிறது என்பது என் கணக்கு. அந்த வசதி உங்கள் தொட்டியில் அந்த இடத்தில் பயன்படுமா, பம்ப் கெட்டால் எந்த உறுப்பு கெடும், கெட்ட பிறகு என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டால் முடிவு தானாக வந்துவிடும். ஆனால் அதற்கு இரண்டையும் ஒருமுறை திறந்து பார்த்திருக்க வேண்டும்.

ஏசி பம்பின் முன்மூடியைத் திருகிக் கழற்றினால் இம்பெல்லர் கையோடு வந்துவிடும். ஒரு முனையில் விசிறி மாதிரி இதழ்கள், மறுமுனையில் உருளை வடிவக் காந்தம், நடுவே செராமிக் அல்லது ஸ்டீல் கம்பி. அவ்வளவுதான், அசையும் பாகம் வேறு எதுவும் கிடையாது. செம்புச் சுருள் பின்னால் எபாக்ஸி என்ற கெட்டிப் பிசினுக்குள் புதைந்து கிடக்கிறது, அதற்கும் தண்ணீருக்கும் தொடர்பே இல்லை. மின்சாரம் திசை மாற மாறச் சுருளின் காந்தத் துருவமும் மாறுகிறது, அதன் பின்னாலேயே இம்பெல்லரின் காந்தம் சுற்றுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் (நொடிக்கு 50 சுழற்சி) என்றால் நிமிடத்துக்கு 3000 சுற்று, 60 ஹெர்ட்ஸ் என்றால் 3600. கூடவும் கூடாது, குறையவும் குறையாது. பளு அதிகமாகி அந்த வேகத்தைப் பிடிக்க முடியாமல் போனால் மெதுவாகச் சுற்றலாம் என்ற சமரசமும் அதற்குத் தெரியாது, தடுமாறி நின்றுவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தச் சின்ன ஏசி மோட்டார்களுக்கு எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று தெரியாது. மின்சாரம் வந்ததும் காந்தம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி, எந்தத் திசையில் பிடி கிடைக்கிறதோ அந்தத் திசையில் ஓடத் தொடங்கும். இன்றைக்கு வலப்பக்கம் சுற்றிய பம்ப் நாளைக்கு இடப்பக்கம் சுற்றலாம். அதனால்தான் இதழ்கள் வளையாமல் நேராக இருக்கின்றன, எந்தப் பக்கம் சுற்றினாலும் தண்ணீரைத் தள்ள வேண்டுமே. இம்பெல்லரைக் கையில் பிடித்து இதழை லேசாகத் திருப்பிப் பாருங்கள், காந்தம் நகராமல் இதழ் மட்டும் அரைச் சுற்று போலத் தளர்வாகத் திரும்பும். உடைந்துவிட்டது என்று பயந்து புதிதாக வாங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டுமென்றே விட்ட இடைவெளி. முதல் உதைப்பில் காந்தம் தண்ணீரின் பளு இல்லாமல் சுற்றிப் பிடி கிடைத்த பிறகுதான் இதழைத் தள்ளும். பழைய பம்ப் போட்டவுடன் கடகடவென்று அடித்துக்கொள்வது அந்த இடைவெளி தேய்ந்து பெரிதானதால்தான். பெரிய ஏசி பம்புகள் சிலவற்றில் சரியான திசையில் மட்டும் ஓட வைக்க ஒரு சின்ன மின்னணுச் சுற்று இருக்கும், அவற்றின் கதை வேறு.

இதைத் தெரிந்துகொண்டால் இன்னொரு தவறும் தவிரும். ஏசி பம்பின் வேகத்தைக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டரை மாட்டலாமா என்று கேட்பார்கள். மாட்டாதீர்கள். ரெகுலேட்டர் குறைப்பது மின்னழுத்தத்தை; பம்பின் வேகத்தை நிர்ணயிப்பது ஹெர்ட்ஸ். மின்னழுத்தம் குறையக் குறைய பம்ப் அதே வேகத்தில்தான் சுற்றும், வலு மட்டும் குறையும், ஒரு கட்டத்தில் பிடி விட்டுப்போய் முனகிக்கொண்டு நிற்கும். தண்ணீரைக் குறைக்க வேண்டுமென்றால் வெளியேறும் குழாயில் ஒரு வால்வு வைத்து மூடுங்கள். உறிஞ்சும் பக்கம் மட்டும் மூடக் கூடாது, உள்ளே தண்ணீர் பற்றாமல் குமிழ் உண்டாகிச் சத்தமும் தேய்மானமும் வரும்.

சரி, டிசி பம்புக்கு வருவோம். அதையும் திறந்தால் அதே காந்தம், அதே இம்பெல்லர், அதே எபாக்ஸி. ஏமாற்றமாகத்தான் இருக்கும். வித்தியாசம் சுருளில் இருக்கிறது: ஒரே சுருளுக்குப் பதிலாக மூன்று தொகுதி. கன்ட்ரோலர் அவற்றுக்கு ஒன்றன் பின் ஒன்றாக மின்சாரத்தைத் திருப்பித் திருப்பிவிட்டு, காந்தத்தைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது. அதாவது அடாப்டர் சுவரிலிருந்து வந்த ஏசியை டிசியாக மாற்றுகிறது, கன்ட்ரோலர் அந்த டிசியை மறுபடியும் ஒருவகை ஏசியாக மாற்றிச் சுருளுக்குக் கொடுக்கிறது. டிசி பம்ப் என்று நாம் கூப்பிடுவதற்குள் கடைசியில் ஓடுவதும் மாறுதிசை மின்சாரம்தான். ஒரே ஒரு வேறுபாடு, ஹெர்ட்ஸ் எவ்வளவு என்பதை மின்நிலையத்துக்குப் பதிலாக உங்கள் கன்ட்ரோலர் முடிவு செய்கிறது. பிரஷ் (சுற்றும் பாகத்தை உரசி மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) இல்லாமல் டிரான்சிஸ்டரை வைத்து டிசி மோட்டாரைச் சுற்றவிடலாம் என்ற யோசனை 1962-லேயே கட்டுரையாக வந்துவிட்டது, சின்ன அளவில் பெரிய வலு தரும் நியோடிமியம் காந்தம் 1980-களில் வந்தது. மின்னணுச் சில்லுகள் மலிவான பிறகுதான் இவை மீன்தொட்டிப் பக்கம் எட்டிப் பார்த்தன.

காந்தம் எங்கே நிற்கிறது என்று கன்ட்ரோலருக்கு எப்போதும் தெரியும் என்பதால் சில நன்மைகள் தானாக வருகின்றன. சுற்றும் திசை நிச்சயம், அதனால் இதழை அந்தத் திசைக்கு ஏற்றபடி வளைத்துச் செய்யலாம், அதே மின்சாரத்துக்குக் கூடுதல் தண்ணீர் கிடைக்கும். மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கும். ஏதாவது சிக்கிக்கொண்டால் நிறுத்தி, சற்று நேரம் விட்டு மறுபடி முயன்று பார்க்கும், முடியாவிட்டால் விளக்கைச் சிமிட்டும். தண்ணீர் வற்றினால் பல மாடல்கள் தாமாகவே நின்றுவிடும். இதே நிலைமையில் ஏசி பம்ப் என்ன செய்யும் என்றால், சிக்கியபடியே முனகிக்கொண்டு சூடாகும். ஒரு முறை என் சின்னத் தொட்டியில் நத்தை ஒன்று உறிஞ்சு வலையின் கிழிசல் வழியாக நுழைந்து இம்பெல்லரில் மாட்டிக்கொண்டது, எவ்வளவு நேரம் அப்படியே நின்றது என்று தெரியாது, நான் கை வைத்தபோது பம்பின் உடம்பு வெந்நீர்ச் சொம்பு மாதிரி இருந்தது. ஓட்டுத் துண்டை எடுத்துவிட்டதும் மறுபடி ஓடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும், அந்தப் பம்ப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது வேகத்தைக் குறைக்கும் விஷயம். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். கீழே சம்ப் (தொட்டித் தண்ணீர் வடிந்து வந்து சுத்தமாகும் சின்னத் தொட்டி), மேலே மீன்தொட்டி, நடுவில் 1.2 மீட்டர் ஏற்றம். நான் வாங்கிய டிசி பம்பின் பெட்டியில் அதிகபட்ச உயரம் 3 மீட்டர் என்று போட்டிருந்தது. முழு வேகத்தில் தொட்டிக்குள் சுழல் அதிகமாக இருந்ததால் 60 சதவீதத்துக்குக் குறைத்தேன். தண்ணீர் கொஞ்சம் குறைவாக வரும் என்று எதிர்பார்த்தால் ஒரு சொட்டுகூட மேலே வரவில்லை. பம்ப் சுற்றுகிறது, பச்சை விளக்கு எரிகிறது, குழாய்க்குள் தண்ணீர் கிட்டத்தட்ட மேலே வரை ஏறி அப்படியே நிற்கிறது.

பம்ப் கெடவில்லை, கணக்கு அப்படி. இம்பெல்லர் பம்புகளில் வேகம் குறைந்தால் தண்ணீரின் அளவு அதே விகிதத்தில் குறையும், ஆனால் தூக்கக்கூடிய உயரம் வேகத்தின் வர்க்கத்தில் குறையும், மின்செலவு கனத்தில் (மூன்று முறை பெருக்கிய கணக்கில்) குறையும். 60 சதவீத வேகம் என்றால் உயரம் 0.6 பெருக்கல் 0.6, அதாவது 36 சதவீதம். 3 மீட்டரில் 36 சதவீதம் 1.08 மீட்டர். எனக்கு வேண்டியது 1.2. அதனால்தான் தண்ணீர் குழாயிலேயே நின்றது. என் பம்பில் கிட்டத்தட்ட 64 சதவீதத்துக்கு மேலே போனால்தான் முதல் சொட்டு வரும், 70-ல் நூல் போல ஒழுகும், உண்மையில் பயன்படுகிற பகுதி 75-லிருந்து 100 வரைதான். பூஜ்யத்திலிருந்து 100 வரை ஒரு வரிசை பட்டன் இருக்கிறதே என்று மகிழ்ந்தவனுக்குக் கிடைத்தது அதில் கால்வாசி. (கன்ட்ரோலரில் காட்டும் சதவீதம் எல்லா மாடலிலும் உண்மையான சுற்று வேகத்தோடு ஒத்துப்போகாது என்பதும் உண்டு, சிலவற்றில் அது வாட் கணக்கு.)

இதே கணக்கின் மறுபக்கம் இனிமையானது. உயரம் தூக்க வேண்டாத இடத்தில், உதாரணமாகத் தொட்டிக்குள்ளேயே நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரில், வேகத்தை 80 சதவீதமாக்கினால் நீரோட்டம் 80 சதவீதம் இருக்கும், மின்செலவு 0.8-ன் கனம், சுமார் 51 சதவீதம். கொஞ்சம் மெதுவாக்கிப் பாதிச் செலவை மிச்சப்படுத்துகிறீர்கள். ஏசி பம்பை வால்வால் மூடினால் இப்படிக் குறையாது, அது அதே 3000 சுற்றில் முட்டிக்கொண்டிருக்கும், வாட் சிறிதளவே இறங்கும்.

அப்போ கரண்ட் மிச்சம் எவ்வளவு? ஒரு வேலைக்கு ஏசி பம்ப் 45 வாட் எடுக்கிறது, அதே உயரத்துக்கு அதே தண்ணீரைத் தருகிற டிசி பம்ப் 25 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 20 வாட். பம்ப் ஓய்வெடுப்பதில்லை, வருடத்துக்கு 8760 மணி நேரம். 175 யூனிட் மிச்சம். உங்கள் மின்கட்டணத்தால் பெருக்கி, இரண்டு பம்புகளின் விலை வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் எத்தனை வருடத்தில் காசு திரும்பும் என்று தெரிந்துவிடும். ஆனால் பெரிய பம்பில்தான் இந்தக் கணக்கு வேலை செய்யும். 5 வாட் ஏசி பம்பை 4 வாட் டிசிக்கு மாற்றினால் வருடத்துக்கு 9 யூனிட்கூட மிஞ்சாது. இன்னொன்று, பெட்டியில் அச்சிட்ட லிட்டர் எண் பூஜ்ய உயரத்தில், குழாயே மாட்டாமல் அளந்தது. அதை வைத்து ஒப்பிடாதீர்கள். உயரத்துக்கு எதிரே எவ்வளவு தண்ணீர் என்று காட்டும் வளைகோட்டுப் படம் நல்ல தயாரிப்பாளர்கள் எல்லோரும் போடுகிறார்கள், அதில் உங்கள் உயரத்தைத் தேடுங்கள், ஒவ்வொரு எல்போவுக்கும் குறுகலான குழாய்க்கும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். குழாயை ஒரு அளவு பெரிதாக்கினாலே தண்ணீர் கூடுவதை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

மின்சாரம் வீணாவதோடு முடிவதில்லை, அது வெப்பமாகத் தொட்டிக்குள் இறங்குகிறது. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் 40 வாட் பம்ப் ஏறக்குறைய ஒரு 40 வாட் ஹீட்டர். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 4.2 கிலோஜூல் தேவை. 40 வாட் ஒரு நாளில் கொடுப்பது 3456 கிலோஜூல். 200 லிட்டர் தொட்டியில் வெப்பம் வெளியே போக வழியே இல்லை என்றால் ஒரு நாளில் 4 டிகிரி ஏறிவிடும். நிஜத்தில் மேற்பரப்பிலிருந்து ஆவியாகியும் கண்ணாடி வழியாகவும் வெப்பம் கசிந்துகொண்டே இருப்பதால் அவ்வளவு ஏறாது, ஆனால் வெயில் காலத்தில் தொட்டி சூடாகிறதே என்று மேலே ஃபேன் வைப்பவர், உள்ளே எத்தனை வாட் ஓடுகிறது என்று ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம். டிசி பம்பில் அடாப்டரும் கன்ட்ரோலரும் வெளியே உட்கார்ந்திருப்பதால் அவற்றின் சூடு தண்ணீருக்கு வராது. குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவருக்கு இதெல்லாம் குறையே இல்லை, பம்ப் கொடுக்கிற சூட்டை ஹீட்டர் கொடுக்க வேண்டாம்.

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏசி பம்பின் ம்ம்ம் என்ற முனகல் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் போல இரண்டு மடங்கு, 50-க்கு 100. அது தண்ணீரைவிட, பம்ப் தொட்டுக்கொண்டிருக்கும் கண்ணாடி வழியாகவும் மேசை வழியாகவும்தான் காதுக்கு வருகிறது, அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்து, கடைசி சாண் குழாயைச் சிலிகோன் டியூபாக மாற்றினால் பெரும்பகுதி அடங்கிவிடும். டிசி அமைதியானது, ஆனால் சில கன்ட்ரோலர்கள் குறைந்த வேகத்தில் கொசு மாதிரி ஒரு மெல்லிய கீச்சை விடும். படுக்கையறையில் தொட்டி வைத்திருப்பவர் எந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்வார் என்பது அவரவர் காது.

கெட்டுப்போவதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். பம்ப் வாங்கும்போது யாரும் அதைப் பேசுவதில்லை.

ஏசி பம்பில் கெடுவது பெரும்பாலும் கையில் பிடிக்கக்கூடிய பாகம். கம்பி தேயும், செராமிக் கம்பி சுத்தம் செய்யும்போது வழுக்கி விழுந்து உடையும், ரப்பர் புஷ் தளரும், உப்புத் தண்ணீரில் காந்தத்தின் மேல்பூச்சு விரிசல் விட்டால் உள்ளே துரு பிடித்து வீங்கி இம்பெல்லர் குழிக்குள் இறுகிக்கொள்ளும். இவை எல்லாவற்றுக்கும் பதில் ஒரு புது இம்பெல்லர். சுண்ணாம்பு படிந்து இறுகியதற்கு அதுகூட வேண்டாம், வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டுப் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போதும். அப்புறம், பல வருடம் ஓடிக்கொண்டே இருந்த ஏசி பம்பைச் சுத்தம் செய்ய நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் ஓடாமல் முனகுவது வழக்கமான விஷயம். ஓடும்போது தேய்ந்த அழுக்கு நின்றபோது பிடித்துக்கொண்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு இம்பெல்லரை விரலால் ஒரு சுற்று சுற்றிவிட்டால் பாதி நேரம் கிளம்பிவிடும்.

டிசியிலும் இம்பெல்லர் இதே மாதிரிதான் கெடும், அதோடு கூடக் கெடுவதற்கு இன்னும் மூன்று இருக்கின்றன: அடாப்டர், கன்ட்ரோலர், இவற்றை இணைக்கும் பின்கள். தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் சம்புக்குப் பக்கத்தில் கன்ட்ரோலரை ஒட்டி வைப்பது வழக்கம், அந்த அலமாரிக்குள் ஈரப்பதம் எப்போதும் அதிகம், கடல்நீர்த் தொட்டி என்றால் உப்புத் துளியும் பறக்கும். பின்னில் பச்சை பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஆரம்பித்து ஒரு நாள் காரணமே இல்லாமல் நின்றுபோகும். கன்ட்ரோலரை அலமாரிக்கு வெளியே, தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைத்து, ஒயர் ஒரு வளைவாகக் கீழே தொங்கி அப்புறம் மேலே ஏறுகிற மாதிரி விட்டால், ஒழுகும் சொட்டு வளைவின் அடியிலேயே விழுந்துவிடும், பின்னுக்குப் போகாது. இது ஏசி பிளக்குக்கும் பொருந்தும்.

பெரிய சங்கடம் உதிரி பாகம். டிசி பம்புகளின் பின்கள் ஒரு தயாரிப்பாளருக்கும் இன்னொருவருக்கும் ஒத்துப்போவதில்லை, ஒத்துப்போனாலும் கன்ட்ரோலர் அந்த மோட்டாருக்கென்றே அமைக்கப்பட்டதாக இருக்கும். அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள் என்றால், மோட்டார் புத்தம் புதிதாக இருந்தாலும் கன்ட்ரோலர் போனதோடு பம்பும் போனது. வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி வாரன்டி எத்தனை வருடம் என்பதைவிட, கன்ட்ரோலரும் அடாப்டரும் தனியாகக் கிடைக்குமா என்பது. ஒரு நல்ல டிசி பம்பின் விலைக்குப் பல சமயம் அதே அளவு ஏசி பம்ப் இரண்டு வாங்கிவிடலாம். ஒன்றை ஓடவிட்டு ஒன்றைப் பெட்டியில் வைத்திருப்பவரைப் பழைய பஞ்சாங்கம் என்று சிரிக்காதீர்கள், நடுராத்திரி பம்ப் நின்றால் அவர் பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்.

இதற்கு நேரெதிராக டிசி ஜெயிக்கிற இடம் கரண்ட் கட். மீனுக்கு மூச்சு கொடுப்பது பெரும்பாலும் மேற்பரப்பு கலங்குவதுதான், அது நின்று சில மணி நேரமானால் நெரிசலான தொட்டியில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். 12 வோல்ட்டில் ஓடும் சின்ன டிசி பம்பை நேராக ஒரு பேட்டரியில் மாட்டிவிடலாம். 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பது 84 வாட் மணி, லெட் ஆசிட் வகையில் பாதிக்கு மேல் இறக்காமல் பார்த்துக்கொண்டால் 10 வாட் பம்ப் 4 மணி நேரம் ஓடும். வேகத்தைக் குறைத்து 5 வாட்டுக்குக் கொண்டுவந்தால் 8 மணி நேரம். 24 வோல்ட் பம்புக்கு இரண்டு பேட்டரியைத் தொடராக இணைக்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: கன்ட்ரோலர் வெளியே இருக்கும் மாடலில் பேட்டரியைக் கன்ட்ரோலருக்கு முன்னால், அடாப்டர் செருகும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும். பம்பிலிருந்து வரும் மூன்று ஒயரில் பேட்டரியை நேராக வைத்தால் பம்ப் சுற்றாது, சுருள்தான் சூடாகும். ஏசி பம்புக்கும் இன்வெர்ட்டர் இருக்கிறது, சரிதான், ஆனால் மாற்றும்போது கொஞ்சம் இழப்பு, இன்வெர்ட்டரே சும்மா இருக்கும்போது தின்னும் கொஞ்சம், அதோடு சுத்தமான சைன் அலை தராத மலிவு இன்வெர்ட்டரில் ஏசி பம்ப் கூடுதலாக முனகும், சூடாகும்.

கரண்ட் திரும்ப வந்ததும் என்ன ஆகிறது என்பதும் முக்கியம். ஏசி பம்புக்கு நினைவு கிடையாது, மின்சாரம் வந்தால் ஓடும். டிசி கன்ட்ரோலர்களில் சில கடைசியாக வைத்த வேகத்துக்கே திரும்பும், சில முழு வேகத்தில் கிளம்பும், சில மலிவானவை பட்டனை அழுத்தும்வரை காத்திருக்கும். வெளியூர் போகிறவருக்குக் கடைசி வகை ஆபத்து. புதிதாக வாங்கிய அன்றே பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துச் செருகிப் பாருங்கள். பிடுங்கும்போதே சம்பையும் பாருங்கள். பம்ப் நின்றதும் தொட்டித் தண்ணீர் ரிட்டர்ன் குழாய் (சம்பிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுபோகும் குழாய்) வழியாகவே கீழே திரும்பும், குழாயின் வாய் வெளியே தெரியும்வரை. 90-க்கு 45 சென்டிமீட்டர் தொட்டியில் ஒவ்வொரு சென்டிமீட்டர் தண்ணீரும் 4 லிட்டர், குழாய் 5 சென்டிமீட்டர் மூழ்கியிருந்தால் 20 லிட்டர் சம்புக்கு வரும். இடம் இல்லையென்றால் தரைக்கு வரும். இதில் ஏசிக்கும் டிசிக்கும் பேதமில்லை.

பாதுகாப்பில் டிசிக்கு ஒரு படி மேல். 24 வோல்ட் ஒயர் தோல் உரிந்து தண்ணீரைத் தொட்டாலும் ஆள் உயிருக்கு ஆபத்து இல்லை, 230 வோல்ட் ஒயர் அப்படி விடாது. ஏசி பம்ப் வைத்திருப்பவர் 30 மில்லிஆம்பியரில் விழுகிற கசிவு பிரேக்கர் இல்லாமல் கையைத் தண்ணீரில் விடக் கூடாது, அது இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு விடுவது நல்லது. டிசி வைத்திருப்பவருக்கும் அடாப்டர் வரை வருவது அதே சுவர் மின்சாரம்தான், அது தொட்டிக்குள் விழுந்தால் டிசி என்ற பெயர் காப்பாற்றாது. உப்புத் தண்ணீரில் டிசி கசிந்தால் செம்பு மெதுவாகக் கரைந்து இறங்கும் என்பதும் உண்டு, இறாலும் பவளமும் செம்பைத் தாங்காது.

வெளிநாட்டிலிருந்து பம்ப் வாங்கி வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 60 ஹெர்ட்ஸ் நாட்டு ஏசி பம்பை 50 ஹெர்ட்ஸ் நாட்டில் ஓட்டினால், வோல்ட் பொருந்தினாலும், வேகம் ஆறில் ஐந்து பங்காகும், மேலே சொன்ன வர்க்கக் கணக்கில் உயரம் 69 சதவீதமாகிவிடும். பெரும்பாலான டிசி அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும், ஹெர்ட்ஸைப் பற்றிக் கவலைப்படாது.

சரி, எந்தத் தொட்டிக்கு எது? நன்னீர்த் தொட்டி, கேனிஸ்டர் ஃபில்டரோ (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) ஓரத்தில் தொங்கும் ஃபில்டரோ போதும் என்றால் யோசிக்கவே வேண்டாம், அவற்றுக்குள் ஏற்கெனவே இருப்பது பெரும்பாலும் ஏசி மோட்டார்தான், நன்றாகவே ஓடும். பீட்டா மாதிரி நீரோட்டம் பிடிக்காத மீனுக்கு வாயில் ஒரு ஸ்பாஞ்சைச் செருகினால் வேலை முடிந்தது. பவளம் வளர்ப்பவருக்கு வேவ்மேக்கர் டிசியாகத்தான் இருக்க வேண்டும் என்பேன். பவளத்துக்கு ஒரே பக்கமிருந்து சீராக அடிக்கும் ஓட்டம் பத்தாது, கூடிக் குறைந்து திசை மாறி வர வேண்டும், ஏசி பம்பை டைமரில் நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்து எழுப்பினால் அந்தக் கடகட இடைவெளி சீக்கிரம் தேய்ந்துவிடும்.

சம்பிலிருந்து மேலே தள்ளும் ரிட்டர்ன் பம்பில் என் கருத்து பலருக்கும் பிடிக்காது. அதில் வேகம் மாற்றும் வசதி பெரிதாக உதவாது. வேகத்தை மாற்றினால் சம்பில் தண்ணீர் மட்டம் மாறும், மட்டம் மாறினால் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் ஒன்று நுரையைக் கக்கும் அல்லது நுரையே தராது, தொட்டியிலிருந்து சம்புக்கு வழியும் ஓவர்ஃப்ளோ குழாயின் வால்வை மணிக்கணக்கில் திருகி அமைதியாக்கி வைத்திருப்பீர்கள், அது மறுபடி களகளக்கும். ஆக, முதல் வாரத்தில் ஒரு வேகத்தை வைத்த பிறகு அதை யாரும் தொடுவதில்லை. சரியான அளவு ஏசி பம்பும் ஒரு வால்வும் அதைச் செய்துவிடும். பெரிய தொட்டியில் மின்செலவுக் கணக்கு டிசி பக்கம் சாய்ந்தால் அது வேறு, அப்போதும் உங்கள் உயரத்துக்கு இரண்டு மடங்காவது தூக்கக்கூடியதாகப் பாருங்கள்.

டிசி கன்ட்ரோலரில் ஒரே ஒரு பட்டனுக்கு மட்டும் நான் தோற்றுப்போனேன். தீனி போடும்போது பம்பை நிறுத்தி, பத்து நிமிடத்தில் தானாக ஓடவைக்கும் பட்டன். ஏசி காலத்தில் தீனி போடுவதற்காகச் சுவிட்சை அணைத்தேன், போன் வந்தது, பேசிக்கொண்டே போய்ப் படுத்துவிட்டேன். காலையில் மீன்கள் எல்லாம் மேற்பரப்பில் வரிசையாக நின்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஒன்றும் சாகவில்லை. மறுநாளே சுவிட்சுக்குப் பக்கத்தில் டைமர் ஒன்று மாட்டினேன், ஏசி பம்புக்கு அது போதும்.

இப்போது என் தொட்டியில் ரிட்டர்ன் ஏசி, வேவ்மேக்கர் டிசி, அதோடு ஒரு பேட்டரி. கரண்ட் போனால் ரிட்டர்ன் நின்று 12 லிட்டர் சம்புக்குத் திரும்பும், அதற்கு இடம் விட்டிருக்கிறேன், வேவ்மேக்கர் மெதுவாகத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும். அலமாரியில் ஒரு சின்ன டப்பாவில் ஏசிக்கு ஒரு இம்பெல்லர், டிசிக்கு ஒரு அடாப்டர் இருக்கின்றன. அடாப்டரை எடுத்து மாட்ட வேண்டி வந்துவிட்டது, இம்பெல்லர் இன்னும் கவர் பிரிக்காமல் கிடக்கிறது.